குவைத்திலிருந்து வந்த துரியோதனன்

ஒருவர் முகத்தை நாம் எவ்வளவு கவனித்திருக்கிறோம் என்பது அதை மண்ணில் செய்து பார்க்கும்போதுதான் தெரியும். பெரும்பாலானவர்களுக்கு இதைத் தெரிந்துகொள்ளும் அவசியமே வருவதில்லை, நிம்மதியாக இருக்கிறார்கள். எனக்கு வந்தது. அதுவும் தனியறையில் கதவைச் சாத்திக்கொண்டு தெரிந்துகொள்ளும்படி வரவில்லை. ஊரே கூடி நின்ற ஏரிக்கரையில், மேளம் முழங்க, என்னைப் பெற்றவள் தலையில் அடித்துக்கொள்ள வந்தது.

முதலில் குடும்பத்தைச் சொல்லிவிடுகிறேன். அப்பா குவைத்தில் ஓர் எண்ணெய் ஆலையில் தரப் பரிசோதகர். குழாய்களைப் பற்றவைத்த இடத்தில் விரிசல் இருக்கிறதா, உள்ளே காற்றுக்குமிழி மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. (வீட்டிலும் அதே வேலைதான். இட்லியைப் பிட்டு உள்ளே பார்க்காமல் வாயில் வைத்ததில்லை.) நான் கைக்குழந்தையாக இருந்தபோது அம்மாவையும் என்னையும் அங்கே அழைத்துக்கொண்டார். பள்ளிப்படிப்பு முழுக்க குவைத்தில்தான். அங்கே நம் ஊர்க்காரர்கள் ஒன்றுகூடும்போதெல்லாம், "பையன் என்ன பண்றான்?" என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் வர வேண்டும். இன்ஜினியரிங், மெடிசின், போனால் போகிறது என்று சி.ஏ. "களிமண்ணில் தலை செய்கிறான்" என்பது நாலு பேர் முன்னால் சொல்லக்கூடிய பதில் இல்லை.

ஆனால் நான் செய்துகொண்டிருந்தது அதைத்தான். பள்ளியில் கைவேலை வகுப்புக்குக் கொடுத்த களிமண்ணில் ஆரம்பித்தது. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும், சென்னையில் சிற்பம் படிக்கிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் உடனே கோபப்படுகிற ஆள் இல்லை. சாப்பிட்டு முடித்தார், கை கழுவினார், துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"தலையில களிமண்ணு இருக்கறவன நான் நெறைய பேர பாத்துட்டேன். களிமண்ணுல தலை செய்யறேன்றவன இப்பதான் பாக்கறேன்" என்றார். பிறகு குரல் இறங்கியது. "மல்லாட்டையும் கேப்பையும் வெதச்சிக்கினு பொழைக்க முடியாதுன்னுதான், பாலா, மண்ண விட்டு இங்க வந்தேன். நீ திரும்பவும் மண்ணுலயே கைய வைக்கறேன்ற. இன்னா நியாயம் இது?"

ஆகவே விழுப்புரம் போகும் சாலையில் ஒரு கல்லூரியில் மெக்கானிக்கல் சேர்ந்தேன். திண்டிவனத்துக்கும் மயிலத்துக்கும் நடுவில் ஒரு கிராமத்தில், அம்மாவின் தம்பி ஏழுமலை மாமா வீட்டில் தங்கினேன். மாமா மோட்டார் பம்பு ரிப்பேர் செய்பவர். எந்தக் காரியத்தையும் மேடை போட்டு, மைக் வைத்துச் செய்தால் நடந்துவிடும் என்பது அவர் நம்பிக்கை.

வாரா வாரம் வெள்ளிக்கிழமை அப்பா வீடியோ காலில் வருவார். அவருக்கு அன்று விடுமுறை. போனைச் சாப்பாட்டு மேசைமேல் தண்ணீர் ஜாடியில் சாய்த்து வைத்துக்கொண்டு பேசுவார். கேமரா கீழேயிருந்து அவரைப் பார்க்கும். முதலில் தாடையின் அடிச்சதை தெரியும். அதைத் தாண்டினால் இரண்டு மூக்குத் துவாரங்கள். அவற்றுக்கு அந்தப் பக்கம், தூரத்தில், மயிலம் மலை மாதிரி நெற்றி. கண்கள் என்னைப் பார்க்காமல் ஓரமாக எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கும். மூன்று வருடம் நான் பார்த்த அப்பா இதுதான். இடையில் அவருக்கு லீவு கிடைக்கவில்லை, ஊருக்கு வரவில்லை.

அந்த மூன்று வருடமும் மாமா வீட்டுப் பின்பக்கம், மோட்டார்களுக்கு நடுவே, நான் தலை செய்துகொண்டுதான் இருந்தேன். மாமாவுக்குத் தெரியும். அத்தைக்கும் தெரியும். "ராவுல வெளிய வந்தா வரிசையா மூஞ்சி பாக்குது. திருடன் வரமாட்டான், அது ஒண்ணுதான் லாபம்" என்பாள் அத்தை.

எங்கள் மாமா ஊரில் திரௌபதி அம்மன் திருவிழா விசேஷம். பாரதம் படித்து, கூத்து நடத்தி, கடைசியில் படுகளம். அன்று ஏரிக்கரையில் துரியோதனன் மல்லாந்து படுத்திருப்பான். முழுக்க மண். கால்மாட்டில் நிற்கிறவருக்குத் தலைமாட்டில் நிற்கிறவரோடு பேசக் குரலை உயர்த்த வேண்டும், அவ்வளவு நீளம். பீமன் வேடக்காரர் வந்து தொடையில் அடிப்பார், உள்ளே புதைத்து வைத்த பானை உடைந்து சிவப்புத் தண்ணீர் பீறிடும். அம்மன் கூந்தல் முடிவாள். பிறகு சனம் பாய்ந்து அந்த மண்ணை ஆளுக்கொரு பிடி அள்ளிக்கொண்டு போகும். தானியக் குதிரிலோ அரிசி டிரம்மிலோ போட்டு வைத்தால் வீட்டில் குறைவு வராது.

உடம்பை ஊர்க்காரர்களே மண்வெட்டி பிடித்துக் கொட்டிவிடுவார்கள். முகத்துக்கு மட்டும் விழுப்புரத்திலிருந்து ஒரு பெயிண்டர் வருவார். அந்த வருடம் கண்டமங்கலம் பக்கம் இன்னொரு ஊரிலும் அதே நாளில் படுகளம் வைத்துவிட்டார்கள். பெயிண்டர் அங்கே ஒத்துக்கொண்டுவிட்டார். திருவிழாக் கமிட்டி பேஜாராகி நின்றபோது ஏழுமலை மாமா எழுந்தார்.

"நம்ம பாலா செய்வான். குவைத்துல படிச்ச பையன்" என்றார். குவைத்தில் துரியோதனனுக்கென்று தனிப் படிப்பு இருப்பதாகக் கமிட்டி எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். ஒருவரும் மறுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மாமா தன் திட்டத்தைச் சொன்னார். "மாப்ள, இந்த வருஷம் அன்னதானம் உங்கப்பா உபயம். உங்கம்மாவும் அவரும் படுகளத்துக்கு வர்றாங்க. மாலை போட்டு, பரிவட்டம் கட்டி முன்னாடி நிறுத்தறோம். ஊரே துரியோதனன் மூஞ்சிய பாத்து வாயப் பொளந்துக்கினு நிக்கும். அந்த நேரம் பாத்து நான் மைக்க புடிச்சி, 'இதச் செஞ்சது யாரு தெரியுமா, இவுரு புள்ளதான்'னு சொல்லுவேன். அத்தினி பேருக்கு முன்னாடி அவரால முடியாதுன்னு சொல்ல முடியுமா? அடுத்த வருஷம் நீ சென்னையில சிற்பம் படிக்கற."

அபாரமான திட்டம் என்று நினைத்தேன். இதில் என்ன தவறு நடக்க முடியும் என்றுகூட மாமாவிடம் கேட்டேன். (மாமா யோசித்துவிட்டு, "மழை வரலாம்" என்றார்.)

படுகளத்துக்கு முதல் நாள் மதியம் முகத்தில் கை வைத்தேன். அவ்வளவு பெரிய முகத்தை நான் அதற்குமுன் செய்ததில்லை. மூக்கைச் செய்ய மார்பின்மேல் மண்டியிட வேண்டும். அங்கிருந்து பார்த்தால் தாடையின் அடிப்பக்கம், மூக்குத் துவாரம், அதற்கு அப்பால் நெற்றி என்ற வரிசையில் தெரிந்தது. யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. கை தானாகப் போனது. இங்கே கொஞ்சம் சதை, இங்கே ஒரு மடிப்பு, இடது மூக்கோரம் ஒரு மரு. துரியோதனனுக்கு மரு உண்டா என்று பாரதம் படிப்பவரைக் கேட்டிருக்கலாம். அந்தக் கேள்வியே எழவில்லை. எனக்குள் ஒரு துரியோதனன் இருந்து வெளியே வருகிறான் என்று எண்ணிப் புல்லரித்துப் போனேன். கலைஞனுக்கு இப்படி நேரும் என்று எங்கோ கேள்விப்பட்டிருந்தேன்.

மறுநாள் காலை வண்ணம் பூசி, மீசை வரைந்து முடித்தபோது அத்தை டீ கொண்டுவந்தாள். மார்பருகே நின்று முகத்தைப் பார்த்தாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"யாரையோ பாத்தாப்ல இருக்குதே."

"துரியோதனன்டி அது" என்றார் மாமா.

"துரியோதனன நான் எங்க பாத்தேன்? இது தெரிஞ்ச மூஞ்சி. நம்ம வூட்டுக்கு வந்து சாப்ட்ட மூஞ்சி."

மாமா அவளை அனுப்பிவிட்டார். அவர் வீட்டில் இருந்த அப்பாவின் ஒரே படம் கல்யாணப் படம். அதில் அப்பா ஒல்லி, மீசை அரும்பு, நேராகப் பார்க்கிறார். மாமாவைக் குறை சொல்ல முடியாது. என்னைத்தான் சொல்ல வேண்டும். நான் விலகி நின்று முகத்தைப் பார்த்து, "கண்ணில் ஒரு ஆணவம் வந்திருக்கிறது இல்லையா மாமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

விமானம் தாமதம். சென்னையிலிருந்து நேராகக் காரில் ஏரிக்கரைக்கே வந்துவிட்டார்கள். அப்பா இறங்கினார். மேளம் அடித்தார்கள், மாலை போட்டார்கள், தலையில் சரிகைத் துணியைச் சுற்றிப் பரிவட்டம் கட்டினார்கள். படுத்திருந்தவன் தலையிலும் நான் மஞ்சள் வண்ணத்தில் ஒரு கிரீடம் வைத்திருந்தேன். அப்பா கூட்டத்தின் முன்னால் வந்து நின்று, ஊருக்குப் பெரிய மனிதராக, தாடையைச் சற்றே உயர்த்தினார்.

அந்தத் தாடைதான் காட்டிக்கொடுத்தது. முதலில் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. அதை யாரோ அடக்கினார்கள். பிறகு ஆண்கள் பக்கம் தலைகள் கீழே பார்த்தன, மேலே பார்த்தன, திரும்பவும் கீழே பார்த்தன. ஒரு பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "ஏழுமலையோட அக்கா புருஷன்டா படுத்துக்கினு இருக்கறாரு" என்று பின்வரிசையில் யாரோ சொல்ல, பக்கத்தில் இருந்தவர், "இல்லடா, நின்னுக்கினு இருக்கறாரு" என்று திருத்தினார். போன்கள் உயர்ந்தன. ஒவ்வொரு போனும் இரண்டு முகமும் சேர்ந்து விழும்படி பின்னால் நகர்ந்தது.

அந்த நொடியில்தான் எனக்கும் தெரிந்தது. மூன்று வருட வெள்ளிக்கிழமைகள் அங்கே மல்லாந்து கிடந்தன. நான் நீர்மோர்ப் பந்தலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். மாமா மைக்கைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், மைக்கை மேளக்காரரிடம் கொடுத்துவிட்டார்.

அம்மன் காரியம் ஆரம்பித்தால் நடுவில் நிறுத்த முடியாது. பீமன் ஓடிவந்தார். தொடையில் அடித்தார். பானை உடைந்து சிவப்பு பீறிட்டது. அம்மா அதுவரை புரியாமல்தான் நின்றிருந்தாள். சிவப்பைக் கண்டதும் கண் முகத்துக்குப் போனது. பக்கத்தில் நின்ற புருஷனைப் பார்த்தாள். "அய்யோ, இது இன்னா கொடும" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அதோடு முடியவில்லை. அடுத்தது ஒப்பாரி. துரியோதனன் மனைவியாகச் சேலை கட்டி வேடம் போட்டிருந்த கூத்துக்காரர், மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்து முகத்தின் அருகே விழுந்தார். அந்த ஒப்பாரியில் ஊரே அழும். அவர் குரல் எடுத்து, "என் ராசா, என்ன விட்டுப் போனீயே" என்று முகத்தைத் தடவினார். நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தார். எதிரே ராசா மாலையோடு நின்றுகொண்டிருந்தார். கூத்துக்காரர் இரண்டாம் அடியை விட்டுவிட்டார். மறுபடி முதல் அடியிலிருந்து ஆரம்பித்தார். மறுபடி நிமிர்ந்தார். கடைசியில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சொந்தக் குரலில், மிகவும் பணிவாகச் சொன்னார்.

"அண்ணே, தப்பா நெனச்சிக்காதீங்க. கொஞ்சம் அந்தாண்ட போய் நில்லுங்க. உங்கள பாத்துக்கினே அழ வரமாட்டேங்குது."

ஏரிக்கரையே சிரித்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "உசுரோட நிக்கற என் புருஷனுக்கு ஊர் கூடி ஒப்பாரி வைக்கறீங்களா?" என்று கமிட்டிக்காரர்களிடம் போனாள். அந்த மூஞ்சியை இப்போதே அழிக்க வேண்டும் என்றாள். காரியம் முடியாமல் கை வைக்கக்கூடாது என்றார்கள் அவர்கள். அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. அவர் ஏறும் ஒவ்வொரு விமானத்துக்கும் வேண்டிக்கொள்கிறவள். எனக்கு அவள் அழுததைப் பார்த்தபோதுதான் உண்மையிலேயே பயம் வந்தது. சிற்பம் போனது, சென்னை போனது, எல்லாம் போனது என்று தெரிந்துவிட்டது.

இத்தனைக்கும் நடுவில் அப்பா நகரவே இல்லை. அவர் கூட்டத்தையும் பார்க்கவில்லை, அம்மாவையும் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒப்பாரி எப்படியோ முடிந்தது. சனம் மண் அள்ளப் பாய்ந்தது. கால் போனது, வயிறு போனது, கை போனது. முகத்தை மட்டும் ஒருவரும் தொடவில்லை. தொடையை அள்ளலாம், தெரிந்தவர் கன்னத்தை, அவர் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது எப்படி அள்ளுவது? ஒரு பெண் காதருகே குனிந்தவள், அப்பாவைப் பார்த்து, "எடுத்துக்கட்டுங்களா?" என்று கேட்டாள். அப்பா தலையாட்டியும், வேண்டாம் என்று போய்விட்டாள். கடைசியில் வெறும் தரையில் அந்த முகம் மட்டும் தனியாகக் கிடந்தது.

அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுப் போனார். முகத்தைச் சுற்றி ஒரு முறை நடந்தார். குனிந்தார். ஆள்காட்டி விரலை மடக்கிக் கன்னத்தில் தட்டி, காதை வைத்துக் கேட்டார். இது எனக்குத் தெரிந்த தட்டல். குழாயைத் தட்டுவதும் இப்படித்தான். பிறகு, "யாரு செஞ்சது?" என்றார்.

"வெளியூர் ஆளு மாமா" என்றார் ஏழுமலை மாமா, ஒரு நொடிகூட யோசிக்காமல். "விழுப்புரத்து பெயிண்டரு. பேரு கூட சரியா தெரியல."

அத்தை நீர்மோர்ப் பந்தலுக்குப் பின்னால் வந்து, என் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் அப்பா முன்னால் நிறுத்தினாள். "இவன்தாண்ணா. நகத்துல பாருங்க" என்றாள். நகத்தில் களிமண்ணும் மீசைக் கறுப்பும் இருந்தன.

அப்பா என்னை ஏறிட்டுப் பார்த்தார். மூன்று வருடத்துக்குப் பிறகு அவர் முகத்தை நேர்முகமாக அப்போதுதான் பார்க்கிறேன். வேறு முகமாக இருந்தது. தாடைச் சதை அவ்வளவு இல்லை. மூக்குத் துவாரமே தெரியவில்லை. நெற்றியில் எனக்குத் தெரியாத கோடுகள் வந்திருந்தன.

"என் மூஞ்சி இப்டியா இருக்குது?" என்று கேட்டார். கோபமாக இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"வெள்ளிக்கிழம இப்டிதாம்பா இருக்கும். போன கீழ வச்சிக்கினு பேசுவீங்க. கீழயிருந்து பாத்தா இப்டிதான்."

அவர், துரியோதனனின் மார்பு இருந்த இடத்துக்குப் போய், நான் மண்டியிட்ட அதே இடத்தில் குத்துக்காலிட்டுப் பார்த்தார். தலையாட்டிக்கொண்டார். "சரிதான். இந்தக் கண்ணு ஏன் ஓரமா பாக்குது? அது தப்பா வந்துடுச்சா?"

பொய் சொல்லியிருக்கலாம். பயத்தில் பொய் வரவில்லை. "இல்லப்பா. நீங்க பேசும்போது என்ன பாக்க மாட்டீங்க. பக்கத்துல லேப்டாப்புல என் மார்க்க பாத்துக்கினுதான் பேசுவீங்க."

அப்பா எழுந்திருக்க நேரமானது. அம்மாவும் அழுகையை நிறுத்திவிட்டு அந்தக் கண்களைப் பார்த்தாள். அவளுக்கு அந்த மேசை தெரியும், அந்த லேப்டாப் தெரியும், அந்தப் பார்வை நன்றாகவே தெரியும். "அப்டியேதான் இருக்குது" என்றாள் மெதுவாக, யாருக்கும் சொல்லாத மாதிரி. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "மருவக்கூட விடல பாரு" என்றாள்.

அப்பா மறுபடி அந்த மண் கன்னத்தைத் தட்டினார். "உள்ள காத்து பூந்துக்கினு இருக்குது. சாயங்காலத்துக்குள்ள வெடிச்சிடும்" என்றார். "மூக்கு மட்டும் கெட்டியா வந்திருக்குது." இரண்டு கைகளாலும் மூக்கைச் சுற்றி அழுத்தி, முழுதாகப் பெயர்த்து எடுத்து, தோளில் இருந்த துண்டில் வைத்துச் சுற்றினார். "காத்து இல்லாம மண்ண அடிக்கறதுக்கு எங்க சொல்லிக்குடுப்பாங்களோ அங்க போய் படி. மொதல்ல இந்த இன்ஜினியரிங்க முடி. அரியர் வச்சிக்கினு எங்கயும் போவக்கூடாது."

மாமா அதற்குள் மைக்கை வாங்கிக்கொண்டார். "இதைச் செய்தது யார் தெரியுமா?" என்று தூய தமிழில் ஆரம்பித்தார். ஊருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

அம்மாவும் சம்மதித்தாள், ஒரு நிபந்தனையோடு. இனி உயிரோடு இருக்கிற எவர் முகத்தையும் நான் செய்யக்கூடாது. மீறவில்லை. இன்ஜினியரிங் முடித்து, சிற்பம் படித்து, இன்றைக்கு நான் செய்வது பெரும்பாலும் யானை, குதிரை, காளை. போன வருடம் விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டி ஒரு ஓட்டல் வாசலுக்கு யானை செய்தேன். பார்க்க வந்த மாமா வெகுநேரம் அதைச் சுற்றி வந்து, முகத்தையே உற்றுப் பார்த்தார். பிறகு என்னை ஓரமாக அழைத்துப்போய், "மாப்ள, உங்க அத்தைய இந்தப் பக்கம் கூட்டிக்கினு வந்துடாத" என்றார்.

அப்பா இன்னும் குவைத்தில்தான் இருக்கிறார். அந்த முறை திரும்பிப் போகும்போது, சென்னை விமான நிலையத்தில் பையைத் திறக்கச் சொல்லி, துண்டைப் பிரித்து, "என்ன சார் இது?" என்று கேட்டிருக்கிறார்கள். அப்பா பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். "என் மூக்கு" என்றிருக்கிறார். அந்த அதிகாரி மூக்கைப் பார்த்து, அப்பாவைப் பார்த்து, பையை மூடிக் கொடுத்தாராம். எங்கள் வீட்டில் எந்தக் கல்யாணத்திலும் காதுகுத்திலும் அம்மா இந்தக் கதையைச் சொல்லாமல் பந்தி எழுந்ததில்லை.

அந்த மூக்கை அரிசி டிரம்மில் போடவில்லை. சாப்பாட்டு மேசைமேல் தண்ணீர் ஜாடி இருந்த இடத்தில், ஒரு டப்பாவைக் கவிழ்த்து அதன்மேல் வைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை போனைச் சாய்த்து வைப்பது அதில்தான். கண்ணுக்கு நேர் உயரம். லேப்டாப் உள்ளறைக்குப் போய்விட்டது. அழைப்பு வந்ததும் அப்பா இமைக்காமல் என்னையே பார்க்கிறார், பார்க்கவே பயமாக இருக்கிறது. பிறகு குனிந்து, விரலை மடக்கி, போனுக்குப் பின்னால் இருக்கும் மூக்கை ஒரு தட்டு தட்டிவிட்டு வாராவாரம் ஒரே செய்தியைச் சொல்கிறார்.

"கிராக் விடல. சாப்ட்டியா?"